மூன்று கருவிகள், மூன்று அலாரம், ஒரே பழுது: மதியத்தில் விழுந்த ஓர் இ1 இணைப்பின் நிகழ்வு ஆய்வு

புகார் இதுதான். ஓர் அலுவலகத்தின் பிபிஎக்ஸ் (அலுவலகத்துக்குள்ளான தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்), இ1 (நொடிக்கு 2 மெகாபிட் டிஜிட்டல் லைன்) மேல் வரும் ஐஎஸ்டிஎன் பிஆர்ஐ (30 அழைப்பை ஒன்றாகச் சுமக்கும் தொலைபேசிச் சேவை) இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் எந்தத் தொந்தரவும் கிடையாது. மதியத்துக்கு மேல், சில நாட்களில் மட்டும், பேசிக்கொண்டிருக்கும் எல்லா அழைப்பும் ஒரே நொடியில் அறுந்துவிடும். சில நிமிடம் கழித்து இணைப்பு தானாகவே எழுந்துவிடும். ஆள் வந்து பார்க்கும்போது எல்லாம் பச்சையாக இருக்கும்.

சேவை கொடுக்கும் நிறுவனத்தின் தரப்பு தெளிவாக இருந்தது: "எங்க பக்கம் கிளியர் சார். உங்க பிபிஎக்ஸ்தான் ஏஐஎஸ் அனுப்புது." பிபிஎக்ஸ் பராமரிப்பவர்களும் அதே அளவு தெளிவாக இருந்தார்கள்: "எங்களுக்கு வர்றது ஆர்ஏஐ. கோளாறு லைன்ல." ஏஐஎஸ், ஆர்ஏஐ இரண்டும் கருவிகள் காட்டும் அலாரங்கள், அவற்றின் பொருளைப் பின்னால் சொல்கிறேன். இருவரும் தங்கள் பதிவைக் காட்டினார்கள். இரண்டு பதிவும் உண்மை. சண்டை பதிவைப் பற்றியதல்ல, பதிவை எப்படி வாசிப்பது என்பதைப் பற்றியது.

நான் உள்ளே வந்தபோது முதலில் கேட்டது பாதையின் படம். எக்ஸ்சேஞ்சிலிருந்து ஃபைபர் கட்டிடத்தின் அடித்தளத்துக்கு வருகிறது. அங்கே ஒரு எஸ்டிஎச் மல்டிபிளக்சர், அதாவது பல லைன்களை ஒரே ஃபைபரில் சேர்த்துச் சுமக்கும் கருவி. அதன் 2 மெகாபிட் கிளைப் போர்ட் ஒன்றிலிருந்து 120 ஓம் செப்பு ஜோடிகள் இரண்டு: ஒன்று மேலே போக, ஒன்று கீழே வர. அந்த ஜோடிகள் அடித்தளத்து டிஸ்ட்ரிபியூஷன் ஃபிரேமில் (கேபிள்களை ஒன்றோடொன்று இணைக்கும் சட்டம்) ஏறி, செங்குத்துக் கேபிள் வழியாக மேல்மாடி ஃபிரேமுக்குப் போய், அங்கிருந்து ஜம்பர் (சிறு இணைப்பு ஒயர்) போட்டு பிபிஎக்ஸ் கார்டுக்குச் சேர்கின்றன. மல்டிபிளக்சர் வரை சேவை நிறுவனத்தின் பொறுப்பு. கார்டிலிருந்து உள்ளே பிபிஎக்ஸ்காரர்கள். நடுவில் இருக்கும் செங்குத்துக் கேபிளும் இரண்டு ஃபிரேமும் கட்டிடத்தினுடையவை. அதாவது, யாரும் தினமும் பார்க்காத பகுதி.

இதில் கவனிக்க வேண்டியது, பாதையில் இருப்பது இரண்டு கருவி அல்ல, மூன்று. வாக்குவாதம் முழுவதும் இரண்டு முனைகளைப் பற்றியே நடந்தது. நடுவில் இருந்த மல்டிபிளக்சரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அலாரத்தை வாசிப்பதில் எனக்கு இருக்கும் ஒரே பிடிவாதம் இது: எந்த அலாரமும் "லைன் கெட்டுவிட்டது" என்று சொல்வதில்லை. ஒரு ரிசீவர், ஒரு திசையில் தனக்கு வந்துசேர்வதைப் பற்றி மட்டும் சொல்கிறது. இ1 என்பது ஒரே லைன் அல்ல, எதிரெதிர் திசையில் போகும் இரண்டு லைன். ஆகவே ஒவ்வொரு அலாரத்துக்கும் எதிரே இரண்டு கேள்வி எழுத வேண்டும். சொல்வது யார்? எந்தத் திசையைப் பற்றிச் சொல்கிறார்? இதை எழுதாமல் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால் பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்றுதான் முடியும். அந்த நிறப் பெயர்களே 1.544 மெகாபிட் டி1 உலகத்தின் வழக்கம். எந்த விளக்கை எந்த நிறத்தில் எரிய விடுவது என்பது கருவிக்குக் கருவி மாறுகிறது. "மஞ்சள் எரிகிறது" என்று சொல்வதைவிட "நான் பெறும் பக்கத்தில் ஆர்ஏஐ வருகிறது" என்று சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இந்த வழக்குக்குத் தேவையான அளவு அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். இ1-இல் நொடிக்கு 8000 ஃபிரேம் (இங்கே ஃபிரேம் என்பது பிட்டுகளின் தொகுப்பு, கேபிள் சட்டம் அல்ல). ஒவ்வொன்றிலும் 256 பிட், 32 டைம்ஸ்லாட், அதாவது 8 பிட் கொண்ட 32 பெட்டி. பூஜ்யமாவது ஸ்லாட்டில் ஒன்று விட்டு ஒரு ஃபிரேமில் 0011011 என்ற ஒழுங்கமைப்புச் சொல் வரும். மற்ற ஃபிரேமில் அதே ஸ்லாட்டின் மூன்றாவது பிட்டுக்கு ஏ-பிட் என்று பெயர். ஒரு முனைக்குத் தன்னிடம் வரும் சிக்னல் சரியில்லை என்றால், தான் அனுப்பும் ஃபிரேமில் அந்த ஏ-பிட்டை 1 ஆக்கும். எதிர்முனை அதைப் படித்து ஆர்ஏஐ என்று பதிவு செய்யும். ஆக, பிபிஎக்ஸ் "ஆர்ஏஐ வருகிறது" என்று சொன்னால் அதற்குப் பொருள்: எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் திசை நன்றாக இருக்கிறது, நல்ல ஃபிரேமில்தான் இந்தச் செய்தியே வந்தது. கெட்டுப்போனது பிபிஎக்ஸிலிருந்து போகும் திசை. பிபிஎக்ஸ்காரர்கள் இதை நேர் எதிராகப் படித்திருந்தார்கள். ஆர்ஏஐ வாங்கிய கருவி பதிலுக்கு ஆர்ஏஐ அனுப்பாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அப்படி இருப்பதால்தான் திசையைப் பிரித்துப் பார்க்க முடிகிறது.

அடுத்தது ஏஐஎஸ். ஃபிரேம் எதுவும் இல்லாமல் எல்லாப் பிட்டும் 1 ஆக வருவது. இதைப் பழுதின் பெயராக எடுத்துக்கொள்வதுதான் மிகப் பரவலான தவறான வாசிப்பு. கம்பி அறுந்தால் அங்கே ஏஐஎஸ் வராது, ஒன்றுமே வராது. அதற்கு எல்ஓஎஸ் என்று பெயர். ஏஐஎஸ் வருகிறது என்றால் உயிரோடு இருக்கும் ஏதோ ஒரு கருவி அதை முனைந்து அனுப்புகிறது. பெரும்பாலும் "எனக்கு முன்னால் இருந்த சிக்னல் போய்விட்டது, ஆனால் என்னிடமிருந்து உன் வரைக்கும் பாதை நன்றாக இருக்கிறது" என்று சொல்வதற்காக. எக்ஸ்சேஞ்ச் ஏஐஎஸ் பார்த்தது என்றால், அதை அனுப்பியவர் இரண்டு பேரில் ஒருவர். பிபிஎக்ஸ் கார்டே அனுப்பியிருக்கலாம், சேவையிலிருந்து எடுக்கப்பட்ட போர்ட் அப்படி அனுப்புவது உண்டு. இல்லையென்றால் அடித்தளத்து மல்டிபிளக்சர், தன் கிளை உள்ளீட்டில் சிக்னலை இழந்து, எக்ஸ்சேஞ்ச் பக்கம் ஏஐஎஸ்ஸை இட்டு நிரப்பியிருக்கலாம்.

எது என்று முடிவு செய்ய மல்டிபிளக்சரின் அந்தப் போர்ட்டில் எல்ஓஎஸ் இருந்ததா என்று பார்த்தால் போதும். கேட்டேன். "அந்த போர்ட்ல அலாரமே இல்லை சார்." ஆனால் போர்ட்டின் அமைப்பைத் திறந்து காட்டச் சொன்னபோது காரணம் தெரிந்தது. அந்த அலாரம் மறைக்கப்பட்டிருந்தது. பயன்படுத்தாத கிளைப் போர்ட்டுகள் எல்லாம் எல்ஓஎஸ் கத்திக்கொண்டே இருக்கும் என்பதால் அவற்றின் அலாரத்தை மறைத்துவைப்பது எங்கும் நடக்கும் வழக்கம். இந்தப் போர்ட்டைச் சேவைக்குக் கொண்டுவந்தபோது மறைப்பை யாரும் நீக்கவில்லை. பாதையில் எல்லாவற்றையும் நேரில் பார்த்த ஒரே சாட்சியின் வாய் அடைபட்டிருந்தது. மறைப்பை நீக்கச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

இதற்கு முன் இரு தரப்பும் லூப் சோதனை, அதாவது அனுப்பிய சிக்னலை அனுப்பியவரிடமே திருப்பிவிட்டுப் பார்க்கும் சோதனை, செய்திருந்தார்கள். சேவை நிறுவனம் மல்டிபிளக்சரில் எக்ஸ்சேஞ்ச் பக்கமாக லூப் போட்டு, பிழையே இல்லை என்று காட்டியது. பிபிஎக்ஸ்காரர்கள் கார்டின் வாயிலேயே லூப் பிளக் செருகி, கார்டு நன்றாக இருக்கிறது என்று காட்டினார்கள். இரண்டும் சரியான சோதனை. இரண்டுக்கும் நடுவில் இருந்த செப்பை மட்டும் யாரும் சோதிக்கவில்லை. இன்னொன்று, இரண்டுமே காலையில் நடந்தவை. மதியத்தில் மட்டும் வரும் பழுதைக் காலை லூப் ஒருபோதும் காட்டாது. லூப் சோதனை வெற்றி என்றால், அந்த நேரத்தில் அந்தப் பகுதி நன்றாக இருந்தது என்று மட்டும்தான் பொருள்.

இப்போது திசையை உறுதி செய்ய வேண்டும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், இரவில் அனுமதி வாங்கிய சில நிமிடம் போதும். பழுதை நாமே உண்டாக்கிப் பார்ப்பதுதான் வழி. முதலில் மேல்மாடி ஃபிரேமில் பிபிஎக்ஸ் அனுப்பும் ஜோடியை மட்டும் பிரித்தோம். எக்ஸ்சேஞ்ச் ஏஐஎஸ் என்றது, பிபிஎக்ஸ் ஆர்ஏஐ என்றது. மறைப்பு நீங்கிய மல்டிபிளக்சர் எல்ஓஎஸ் என்றது. அதை மாட்டிவிட்டு, பிபிஎக்ஸ் பெறும் ஜோடியைப் பிரித்தோம். இப்போது பிபிஎக்ஸில் எல்ஓஎஸ், எக்ஸ்சேஞ்சில் ஆர்ஏஐ, மல்டிபிளக்சரின் கிளையில் ஒன்றும் இல்லை. மதியத்தில் நடப்பது அச்சு அசலாக முதல் வகை. ஆக, பிபிஎக்ஸ் சொல்லும் ஆர்ஏஐ, எக்ஸ்சேஞ்ச் சொல்லும் ஏஐஎஸ், மல்டிபிளக்சர் சொல்லாமல் விட்ட எல்ஓஎஸ் மூன்றும் ஒரே ஜோடியைப் பற்றியவை.

இந்தப் பரிசோதனையால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. பிபிஎக்ஸின் கடிகாரமும் சேவை நிறுவனத்தின் கண்காணிப்பு அமைப்பின் கடிகாரமும் சில நிமிடம் விலகியிருந்தன. ஒரே பிரிப்பு இரண்டு பதிவிலும் விழுந்ததால் அந்த வித்தியாசத்தைக் கழித்துப் பழைய பதிவுகளை ஒரே காலவரிசையில் அடுக்க முடிந்தது. அதுவரை "எங்க ஏஐஎஸ் வந்த நேரம் வேற, உங்க ஆர்ஏஐ வந்த நேரம் வேற" என்ற வாதமும் ஓடிக்கொண்டிருந்தது. அது அன்றோடு நின்றது.

ஒழுங்காக அடுக்கிய பதிவில் எனக்கு மிகவும் பிடித்த தடயம் இருந்தது: இ-பிட் எண்ணிக்கை. சிஆர்சி-4 (பிட் பிழையைக் கண்டுபிடிக்கும் சரிபார்ப்புக் கணக்கு) இயங்கும் இணைப்பில் 16 ஃபிரேம் கொண்ட மல்டிஃபிரேம் இரண்டு பாதியாகப் பிரிந்து, நொடிக்கு 1000 தொகுதிகள் சரிபார்க்கப்படுகின்றன. ஒரு முனையில் ஒரு தொகுதி பிழையாக வந்தால், அந்த முனை தான் அனுப்பும் 13 அல்லது 15-ஆம் ஃபிரேமின் இ-பிட்டைப் பூஜ்யமாக்கி அதை எதிர்முனைக்குத் தெரிவிக்கும். எஸ்டிஎச் மல்டிபிளக்சர் 2 மெகாபிட் ஓட்டத்தை அப்படியே சுமந்து செல்வதால் இந்தக் கணக்கு பிபிஎக்ஸிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரை முழுப் பாதைக்கும் பொருந்தும். பிபிஎக்ஸ் பதிவில் சொந்த சிஆர்சி பிழை பூஜ்யம். ஆனால் எதிர்முனை தெரிவித்த இ-பிட் பிழை, ஒவ்வொரு வீழ்ச்சிக்கும் முன்னால் சில நிமிடமாகவே சிறுகச் சிறுக ஏறிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் ஆர்ஏஐ.

இதன் பொருள் பெரியது. கத்தரித்தது போல அறுந்த கம்பி முன்னறிவிப்பு தராது. மெல்ல மோசமாகும் தொடர்பு தரும். சிக்னல் அளவு குறையக் குறைய முதலில் பிட் பிழைகள் வரும், ஓர் எல்லைக்குக் கீழே போனதும் ரிசீவர் எல்ஓஎஸ் அறிவிக்கும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.775 பரிந்துரையின்படி, வழக்கமான அளவிலிருந்து 9 டெசிபலுக்குள் குறைந்தால் அது எல்ஓஎஸ் ஆகாது, 35 டெசிபலுக்கு மேல் குறைந்தால் கட்டாயம் எல்ஓஎஸ். நடுவில் எங்கே அறிவிப்பது என்பது கருவியின் விருப்பம். அந்த நடுப் பகுதியில்தான் இந்த இணைப்பு சில நிமிடம் தத்தளித்தது. சிஆர்சி-4 ஒரு முனையில் இயங்கி மறுமுனையில் இயங்காத அமைப்புக் கோளாறு என்ற சந்தேகமும் இதோடு போயிற்று. அது இருந்தால் எந்நேரமும் இருக்கும், மதியத்துக்குக் காத்திருக்காது.

அடுத்த மதியத்துக்காக இரண்டு இ1 சோதனைக் கருவிகளை அனுப்பும் ஜோடியில் வைத்தோம், ஒன்று மேல்மாடி ஃபிரேமில், ஒன்று அடித்தளத்தில். இரண்டையும் ஹை இம்பீடன்ஸ் மோடில் வைப்பது முக்கியம். 120 ஓம் டெர்மினேட் மோடில் வைத்தால் ஓடும் லைனுக்கு இன்னொரு சுமை சேர்ந்து, நாமே புதுப் பழுதை உண்டாக்கிவிடுவோம். எதிர்பார்த்தபடி இணைப்பு விழுந்தது. மேல்மாடிக் கருவியில் ஃபிரேம் சரி, ஏ-பிட் 0, சிஆர்சி பிழை இல்லை. வழக்கமாக உச்சத்தில் 3 வோல்ட் இருக்க வேண்டிய பல்ஸ் அங்கே அப்படியே இருந்தது. அடித்தளத்துக் கருவியில் அளவு சரிந்து, பிழைகள் கொட்டி, கடைசியில் சிக்னலே காணவில்லை. பிபிஎக்ஸ் ஏஐஎஸ் அனுப்புகிறது என்ற குற்றச்சாட்டு இத்தோடு பொய்த்தது. பழுது இரண்டு ஃபிரேமுக்கு நடுவில், அல்லது இரண்டாவது ஃபிரேமிலேயே.

மறுபடியும் இரவு. இரண்டு முனையிலும் கருவிகளைக் கழற்றிவிட்டு, ஜோடியின் ஒரு நுனியைக் குறுக்கிணைத்து, மறுநுனியில் சாதாரண மல்டிமீட்டரால் லூப் எதிர்ப்பை அளந்தோம். இ1 போர்ட்டுகளின் வாயில் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். கழற்றாமல் அளந்தால் அதன் சுருளைத்தான் அளப்போம். 0.5 மில்லிமீட்டர் செப்பு ஜோடிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 175 ஓம் லூப் எதிர்ப்பு. 80 மீட்டர் நீளத்துக்கு 14 ஓம் அருகில் வர வேண்டும். பெறும் ஜோடி அந்த அருகிலேயே அசையாமல் நின்றது. அனுப்பும் ஜோடியில் எண் நிற்கவே இல்லை. அடித்தளத்து பஞ்ச்-டவுன் பிளாக்கில் (ஒயரைப் பள்ளத்தில் அழுத்தி இணைக்கும் பலகை) அந்த ஒயரை ஒரு பிளாஸ்டிக் குச்சியால் மெல்லத் தட்டினால் மீட்டர் தாவியது.

கைவிளக்கைப் பிடித்து அந்தப் பள்ளத்தைப் பார்த்தோம். ஜோடியின் ஒரு காலில், ஒயரைக் கவ்வ வேண்டிய இரண்டு உலோகத் தாடைகளும் சற்று விலகி நின்றன. முன்பு அந்த இடத்தில் தடித்த ஒயர் ஒன்றை அழுத்தியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு மெல்லிய ஜம்பரை அதே பள்ளத்தில் இறக்கியிருக்கிறார்கள். இத்தகைய பிளாக்குகள் ஒரு குறிப்பிட்ட தடிமனுக்காகச் செய்யப்பட்டவை. தடித்த ஒயரால் ஒருமுறை விரிந்த தாடை மெல்லிய ஒயரை இறுகப் பிடிக்காது. காலையில் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த அறை மதியத்தில் சூடானதும் விலகியது. முழுதாக விலகாதபோது, 1 மெகாஹெர்ட்ஸ் அருகில் ஆற்றல் குவிந்திருக்கும் இ1 சிக்னல் அந்த நூலிழை இடைவெளியைக் கடந்தும் கொஞ்சம் கசிந்து வந்தது. மெல்ல ஏறிய இ-பிட் கணக்குக்கு அதுதான் விளக்கம். பிளாக்கை மாற்றி, முறுக்கிய ஜோடி ஜம்பர் போட்டு, அனுப்பும் ஜோடியையும் பெறும் ஜோடியையும் தள்ளித் தள்ளி இறக்கினோம்.

எல்லா அழைப்பும் ஏன் ஒன்றாக அறுந்தன என்பதற்கும் பதில் சொல்லிவிடலாம். பிஆர்ஐ-யில் 30 பேச்சு வழிகளுக்கும் சேர்த்து ஒரே சிக்னலிங் வழி, 16-ஆவது ஸ்லாட்டில். அது விழுந்து குறித்த நேரத்துக்குள் எழாவிட்டால் நடந்துகொண்டிருக்கும் அழைப்புகள் அனைத்தும் விடுவிக்கப்படும்.

இத்தோடு கோப்பை மூடியிருக்கலாம். வீழ்ச்சி நின்றது, அலாரம் எதுவும் இல்லை. ஆனால் ஃபேக்ஸ் பாதியில் நிற்கிறது, பேச்சில் அவ்வப்போது 'டிக்' என்று கேட்கிறது என்ற புகார் மட்டும் தொடர்ந்தது. அது பழைய பழுதின் மிச்சம் அல்ல, அதன் பின்னால் மறைந்திருந்த வேறொன்று. பிபிஎக்ஸின் ஸ்லிப் (ஒரு ஃபிரேம் தொலைவது அல்லது இரண்டு முறை வருவது) எண்ணிக்கை நிமிடத்துக்கு இரண்டு மூன்று என்று ஏறிக்கொண்டிருந்தது. லூப் பிளக் சோதனையின்போது பிபிஎக்ஸைத் தன் சொந்தக் கடிகாரத்தில் (மணி காட்டுவது அல்ல, பிட்டுகளின் வேகத்தை நிர்ணயிக்கும் துடிப்பு) ஓட விட்டிருக்கிறார்கள். லூப்பில் அது சரிதான், வேறு கடிகாரம் அங்கே கிடையாது. சோதனை முடிந்து லைனை மாட்டியபோது அந்த அமைப்பை லைன் கடிகாரத்துக்கு மாற்றவில்லை.

ஸ்லிப் ஏன் அலாரம் ஆவதில்லை என்பது கணக்கில் தெரியும். ஒரு ஃபிரேம் 125 மைக்ரோநொடி. இரண்டு கடிகாரங்களுக்கு நடுவே பத்து லட்சத்தில் 5 பங்கு வித்தியாசம் இருந்தால் 25 நொடிக்கு ஒரு ஃபிரேம் கூடும் அல்லது குறையும். இ1-க்கு அனுமதிக்கப்பட்ட வேக விலகலே பத்து லட்சத்தில் 50 பங்கு, அதனால் ரிசீவருக்கு எதுவும் தப்பாகத் தெரியாது. ஃபிரேம் ஒழுங்கும் கலையாது, சிஆர்சி-யும் தவறாது. ஒரு முழு ஃபிரேம் தொலைகிறது அல்லது இரண்டு முறை வருகிறது, அவ்வளவுதான். பேச்சில் அது ஒரு 'டிக்'. ஃபேக்ஸ் மோடத்துக்கு அது பக்கமே போனதற்குச் சமம். ஒழுங்காக இசைந்த வலையமைப்பில் முழுச் சர்வதேச இணைப்பு ஒன்றுக்கே அதே ஒன்றியத்தின் ஜி.822 பரிந்துரை எதிர்பார்ப்பது 24 மணி நேரத்துக்கு 5 ஸ்லிப் அல்லது அதற்கும் குறைவு. நிமிடத்துக்கு இரண்டு மூன்று எங்கே, அது எங்கே.

கடிகார முன்னுரிமையில் லைனை முதலாவதாகவும் சொந்தக் கடிகாரத்தைக் கடைசியாகவும் வைத்ததும் ஸ்லிப் எண்ணிக்கை நின்றது, ஃபேக்ஸ் முழுதாகப் போனது. வெயில் அதிகமாக இருந்த மதியங்களில் இ-பிட் எண்ணிக்கையைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பூஜ்யத்திலிருந்து நகரவில்லை. அந்தக் கிளைப் போர்ட்டின் எல்ஓஎஸ் அலாரம் இப்போது மறைப்பில்லாமல் கண்காணிப்புத் திரைக்கு வருகிறது. கட்டிடத்தின் செங்குத்துக் கேபிளையும் இரண்டு ஃபிரேமையும் பராமரிப்பது யார் என்று சேவைப் பதிவில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள்.